பந்துவாதமும் அதன் மறுப்பும்: உறைகுளம் பற்றி ஒரு விசாரணை

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை வாய்த்தவர்களில் பலருக்கு, ஏதோ ஒரு கோடையில், குளம் வெட்டும் ஆசை வந்துவிடுகிறது. குளம் என்றதும் தெப்பம் விடுகிற அளவுக்கு எண்ண வேண்டாம். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உள்ளே கறுப்பு ரப்பர் விரிப்பு, ஓரத்தில் நாலு கல், ஆறேழு தங்கமீன். ஈண்டுக் குளம் எனப்படுவது இதுவே. இது டிசம்பரில் ஐஸ் கட்டும். கட்டவே, உடையவர் கலங்குவார். கலங்கியவர் என்ன செய்கிறார், அதனால் யாருக்கு என்ன பயன் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பகை எது என்று தெரிய வேண்டும். குளிரே பகை என்பாரும் உளர். அது பொருந்தாது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் மிகக் கனமாக இருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் ஐஸ் குளத்துக்குக் கூரையாகிறதே தவிரத் தரையாவதில்லை. ஆழம் 60 சென்டிமீட்டர் இருந்தால், இங்கிலாந்துக் குளிருக்கு, அடியில் மீன் கிடக்க இடம் மிஞ்சும். 10 டிகிரிக்குக் கீழே போனதும் மீனுக்குப் பசி மந்தித்துவிடும். சாப்பாடு கேட்காமல், துடுப்பை அதிகம் அசைக்காமல், ஒரு மூலையாகப் பார்த்துக் கிடக்கும். அதற்குக் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பின் எதுதான் பகை எனின், மூச்சு என்க. இலையுதிர்காலத்தில் குளத்தில் விழுந்த இலையெல்லாம் அடியில் கிடந்து அழுகுகிறது. அழுகல், இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவையும் மீத்தேனையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் விடுகிறது. மேலே ஐஸ் மூடிவிட்டால் உள்ளே வர வேண்டியது வராது, வெளியே போக வேண்டியது போகாது. ஆகவே ஐஸில் ஒரு துளை வேண்டும். இதுவரை எல்லாக் கட்சியாரும் ஒன்றுதான். துளையை எப்படிப் பெறுவது என்ற இடத்தில்தான் கட்சி பிரிகிறது.

தொன்மையும் செல்வாக்கும் மிக்கது பந்துவாதம். குளத்தில் ஒரு பந்தை மிதக்கவிடு. காற்றில் அது ஆடும். ஆடுவதால் சுற்றிலும் ஐஸ் பிடிக்காது என்பது இவர்கள் கொள்கை. அற்றன்று. கடுமையாக உறைகிற இரவு எப்படிப்பட்டது? மேகமில்லாத, காற்றில்லாத இரவு. தரையின் சூடெல்லாம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுவதால்தான் அத்தனை குளிர். காற்று இருக்கிற இரவில் பந்து நன்றாக ஆடும், அன்று அதற்கு வேலை குறைவு. வேலை இருக்கிற இரவில் காற்று இராது, பந்தும் ஆடாது.

இதற்குப் பந்துவாதியின் சமாதானம் காலையில் வெளிப்படுகிறது. டிரெஸ்ஸிங் கவுனும் ரப்பர் பூட்ஸுமாக, கையில் ஆவி பறக்கும் கெட்டிலோடு அவர் வருகிறார். பந்தின் உச்சியில் பனி வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கிறது. பாதி ஐஸுக்கு மேலே, பாதி உள்ளே. வெந்நீரைப் பந்தின் மேல் மெதுவாகச் சுற்றி ஊற்றுகிறார். முனகல் போல ஒரு சத்தம். பிறகு பந்து லேசாகத் திரும்பிக் கொடுக்கிறது. தூக்கினால் வழவழவென்று உருண்டையான குழி, அதில் கறுப்பாகத் தண்ணீர். அவர் முகத்தில் அப்போது வரும் திருப்தி ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. மாலைக்குள் அந்தக் குழியின் மேல் புது ஏடு படிந்துவிடும்.

உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, அந்த நெருக்குதலைப் பந்து வாங்கிக்கொண்டு குளத்துச் சுவரைக் காக்கிறது என்பது பந்துவாதத்தின் உட்பிரிவு. செங்குத்தான சிமெண்ட் சுவருக்கு இது ஓரளவு நியாயம். ரப்பர் விரிப்புக்கு வேண்டாத கவலை.

பாத்திரவாதிகள் கொதிநீர் நிரம்பிய பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து, அது உருக்கித் தரும் துளைக்காகக் காத்திருப்பவர்கள். முறை குற்றமற்றது. கைப்பிடியில் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்; கட்டாதவருக்குப் பாத்திரம் மார்ச்சில் கிடைக்கும். சம்மட்டிவாதியை எல்லாக் கட்சியும் சேர்ந்தே தள்ளிவைத்திருக்கிறது. அடியின் அதிர்ச்சி தண்ணீர் வழியாக மீனைத் தாக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ரப்பரும் கிழியும் என்பது என் காரணம். உப்புப் போடலாமா, காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை ஊற்றலாமா என்று கேட்பவர் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். அவரைக் குளத்தின் எல்லைக்கும் வெளியே நிறுத்துவது நல்லது.

மின்வாதிகள் செலவாளிகள். 100 வாட் மிதவை ஹீட்டரை வாங்கிப் போட்டுவிட்டுக் குளமே வெதுவெதுப்பாகிவிட்டதாக நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். 100 வாட் ஹீட்டர் 24 மணி நேரம் எரிந்தால் 8,640 கிலோஜூல். அதாவது சுமார் 26 கிலோ ஐஸ். மேலே சொன்ன நம் குளத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் ஐஸ் படிந்தாலே 27 கிலோவுக்கு மேல். ஒரு நாள் முழுக்க எரிந்தும் ஒரு சென்டிமீட்டருக்குப் பற்றாது. ஆகவே அது தன்னைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தைத் திறந்து வைக்கிறது. செய்வதாகச் சொல்லி விற்பதும் அவ்வளவுதான். கொதிப்பது மின்கட்டணம் மட்டுமே.

இனி மீன் தரப்பு. கட்சிக்காரர்கள் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. 2017இல் ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். தங்கமீனும் அதன் பங்காளியான குரூசியன் கெண்டையும் ஆக்சிஜன் இல்லாமல் போனால், உடம்பில் சேர்கிற லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகின்றன. வட ஐரோப்பாவில் ஐஸ் மூடிய ஏரிகளுக்கு அடியில் குரூசியன் கெண்டை இப்படியே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறது. அதன் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் 50 மில்லிகிராமையும் தாண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு இங்கிலாந்தில் 1967 முதல் 80 மில்லிகிராம் வரை அனுமதி. ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50தான். ஆகவே 60இல் நிற்கும் ஒரு கெண்டை இங்கிலாந்தில் தாராளமாகக் காரை எடுக்கலாம். எல்லை தாண்டினால் லைசென்ஸ் போய்விடும். கோய் மீன் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். கோய் இந்த அளவு மூச்சுமுட்டலைத் தாங்காது.

துளையின் பெருமைக்கு இன்னோர் அடியும் விழுந்தது. 2009-10 குளிர்காலம் பிரிட்டனில் முப்பது ஆண்டுகளில் காணாத கடுமை. ஐஸ் உருகியதும் பாண்ட் கன்சர்வேஷன் என்ற அமைப்பு குளம் வைத்திருந்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டுத் தொகுத்தது. ஐஸில் துளை போட்டது பெரிய வித்தியாசம் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. ஐஸ் மேல் விழுந்த பனித்தூளைத் துடைப்பத்தால் தள்ளிவிடுவதில் அதைவிடப் பொருள் உண்டு. வெளிச்சம் உள்ளே போனால் அடியிலுள்ள செடி தன்பாட்டுக்கு ஆக்சிஜன் தரும்.

அப்படியானால் குளத்தைக் காப்பது அக்டோபர் மாதத்து வேலை. வலை கட்டி இலையைத் தடுக்க வேண்டும், அடிச்சேற்றை வார வேண்டும், அருவி பம்பை நிறுத்தி அடியிலுள்ள 4 டிகிரி தண்ணீரைக் கலக்காமல் விட வேண்டும், மீன் எண்ணிக்கையை அடக்கி வைத்திருக்க வேண்டும். முழங்கை வரை சேறாகும் வேலை. செய்து முடித்தாலும் பார்க்க ஒன்றும் இராது. பந்தோ சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே ஏறிட்டுப் பார்த்து, ஆவன செய்தாயிற்று என்று ஒருவர் ஆறுதல் கொள்ளலாம். பந்து மிதப்பது குளத்தில் என்றாலும் அது மூழ்காமல் காப்பது குளத்துக்காரரை என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு. சிவப்புப் பந்தே சிறந்தது என்று பந்துவாதிகள் வற்புறுத்துவதற்கும் வேறு காரணம் புலப்படவில்லை.

பந்தை எப்போது வெளியே எடுப்பது என்பதில் மட்டும் கருத்து ஒருமிக்கவில்லை. மார்ச் என்கிறது ஒரு கட்சி. நடைமுறையில் அது ஜூன் வரை அல்லி இலைகளுக்கு நடுவே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டால் கொடுத்துவிடுவதே முறை. பெரும்பாலும் அது அவனுடையதுதான்.