நெருப்பெரிச்சல் ஆங்கிலம்: குழூஉக்குறி நோக்கில் ஓர் ஆய்வு

அரிய ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி என்ற வினாவுக்கு அறிஞர் உலகம் இதுவரை இரண்டு விடைகள் தந்திருக்கிறது. ஒன்று, நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய 'வேர்டு பவர் மேட் ஈஸி'. பழைய புத்தகக் கடைகளில் முதல் முப்பது பக்கம் மட்டும் அடிக்கோடிட்டு, மீதி மடிப்புக் கலையாமல் கிடைப்பது. மற்றொன்று, சசி தரூர். 2018 அக்டோபரில் தம் புதிய நூலை அறிவிக்கும் சாக்கில் 29 எழுத்துச் சொல் ஒன்றை அவர் எடுத்துவிட, நாடே அகராதியைப் புரட்டியது. 'ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்பது அது. எதையும் மதிப்பில்லாதது என்று தள்ளிவிடும் வழக்கம் என்று பொருள்.

இச்சொல் திருப்பூரில் வேர்பிடிக்கவில்லை. நீளம் காரணமன்று, அந்த வழக்கமே இங்கே கிடையாது. கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுத்துணிக்கு 'வேஸ்ட்' என்று பெயர். அதை நிறம் பிரித்து, மூட்டை கட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசி விற்கிறார்கள். வெள்ளை வேஸ்ட் ஒரு விலை, கலர் வேஸ்ட் ஒரு விலை. ஒரு பங்கு மெஷின் துடைக்கப் போகும். ஒரு பங்கு மறுபடியும் பஞ்சாகி நூலாகும். பயனற்றது என்ற அகராதிப் பொருளில் 'வேஸ்ட்' என்று இங்கே ஆட்களைத்தான் சொல்வார்கள், துணியை அல்ல.

ஆகவே மூன்றாவது விடை ஒன்றை முன்வைக்க இக்கட்டுரை துணிகிறது: நெருப்பெரிச்சல். திருப்பூரின் வடக்கே, ஊராட்சியாக இருந்து மாநகராட்சிக்குள் வந்த ஊர். பேருந்தை விட்டு இறங்கியதும் பாடம் தொடங்கிவிடும். மின்கம்பத்திலும் கம்பெனிக் கதவிலும் அட்டை தொங்கும்: 'ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் தேவை. கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை.' இதில் தமிழ் என்று தேறுவது கைமடி, ஆட்கள், தேவை ஆகிய மூன்றுதான். அவற்றுள்ளும் கைமடி என்றால் என்னவென்று மதுரைக்காரருக்குத் தெரியாது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் உதவியாளர் கைமடி. பல டெய்லர்கள் பட்டம் பெற்றது இந்தப் படிப்பை முடித்துத்தான்.

இச்சொற்களுக்கு இலக்கணம் உண்டா? உண்டு, பவணந்தியார் எப்போதோ வகுத்துவிட்டார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்க வழங்குவது குழூஉக்குறி. உரைகாரர்கள் அதற்குக் காட்டிய உதாரணங்களைக் கவனிக்க வேண்டும்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். பொன், ஆடை, கள். டாலரும் பனியனும் டாஸ்மாக்கும் பின்னால் ஒரே ஊரில் கூடப்போவதை உரைகாரர் முன்னறிந்தாரோ என்று ஐயுற இடமுண்டு. 'கட்டிங்' என்ற ஒரே சொல் இந்த ஊரில் பகலில் ஆடையையும் இரவில் சொல்விளம்பியையும் குறிப்பது இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. 'கட்டிங் மாஸ்டர்' பகல் வழக்கு மட்டுமே என்க.

'சிங்கர்' என்றால் பாடகர் என்பது இங்கிலாந்து வழக்கு. 1851-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் பெயர் இங்கே ஒரு தையல் வகைக்கே பெயராகிவிட்டது. மெஷின் மீது 'ஜூக்கி' என்று ஜப்பான் பெயர் பொறித்திருக்கும். அதில் உட்காருபவர் சிங்கர் டெய்லர். 'காஜா' ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது போர்த்துகீசியரின் 'காஸா', அதாவது பொத்தானுக்கு வீடு.

இனி 'ரேக்லான்'. சென்னைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த சிலரிடம் கேட்டதில் இது ஏதோ மாத்திரை என்றார்கள். நெருப்பெரிச்சலில் ஓவர்லாக் டெய்லர் எவரும் நிமிராமலே பதில் சொல்வார்: "கழுத்துல இருந்து அக்குள் வரைக்கும் சாய்வா வர்ற கைங்க. தோள்ல தையல் இருக்காது." 1815-இல் வாட்டர்லூவில் வலக்கையை இழந்த ஆங்கிலத் தளபதியின் பெயர் அது. பின்னாளில் ரேக்லான் பிரபு ஆனார். கிரிமியப் போரில் ஆங்கிலப் படைக்குத் தலைமை ஏற்றார். அவருக்குக் கீழே குதிரைப்படையோடு பாய்ந்தவர் கார்டிகன் பிரபு. பாய்ந்த இடம் பாலக்ளாவா. நாள் 1854 அக்டோபர் 25. தளபதி பெயரில் கை, பிரபு பெயரில் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர், ஊர் பெயரில் குரங்குக் குல்லா. ஒரு போரில் இத்தனை ஸ்டைல் கிடைத்தது வேறெங்கும் இல்லை. இந்த வரலாறு தெரியாதது டெய்லருக்குக் குறையாகாது. ரேக்லானுக்குப் பீஸ் ரேட் எவ்வளவு என்பது ரேக்லான் பிரபுவுக்கும் தெரியாது. எந்தச் சொல்லின் மேல் கூலி ஏறியிருக்கிறதோ அந்தச் சொல் மறப்பதில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

வெளியூர் ஆய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை. "ஸ்ட்ரைக் ஆஃப் வந்துருச்சுங்களா?" என்று யாராவது பதறினால், வேலைநிறுத்தம் வாபஸ் என்று மகிழக் கூடாது. பிரிண்டிங்கில் முதலில் அடித்துக் காட்டும் மாதிரிக்கு அதுதான் பெயர். சாயத்துக்கு அதே இடத்தில் நிற்பது 'லேப் டிப்': சின்னத் துணித்துண்டுகளை ஏ, பி, சி என்று சற்றே மாறிய நிறங்களில் முக்கி அனுப்புவார்கள். மூன்றும் நீலம்தான் என்று நமக்குத் தோன்றும்; பையர் 'பி' என்பார்.

மார்பிலக்கியம் தனி நூலுக்குரியது. இங்கே தொட்டு மட்டும் காட்டலாம். ஐரோப்பிய மார்புகளில் ஏறவேண்டிய வாசகங்கள் இங்கே அச்சாகின்றன. செக்கிங் பெண் அவற்றைப் படிப்பதில்லை, பார்க்கிறார். அப்ரூவல் ஆன பீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து ஒன்று விழுந்திருந்தாலும் கண நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார். ஆங்கிலம் அறிந்தவன் கண் பிழையைத் தானே திருத்திப் படித்துவிடும். அவர் கண் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அப்படித் தள்ளியது 'செகண்ட்ஸ்' ஆகிக் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து ஊருக்குள்ளேயே திரும்பி வருகிறது. 'டீம் பிரைட்', அதாவது மணப்பெண் கட்சி, என்று மின்னும் ரோஸ் நிற டீசர்ட்டில் ஆடு ஓட்டிப்போகும் பெரியவர் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறார். இங்கிலாந்தில் அதைக் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்தில் ஒரே நாளுக்குப் போடுவார்கள். அவர் துவைத்துத் துவைத்துப் போடுகிறார்.

இந்த ஆங்கிலம் இண்டர்வியூவில் உதவுமா என்று சிலர் மறுப்பர். மறுப்போர் 'ஷிப்ட்' என்ற சொல்லைக் கொண்டு தம்மையே சோதித்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்று உலகம் முழுதும் சாதிக்கும். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவது இங்கே ஒன்றரை ஷிப்ட். ஷிப்டைப் பின்னத்தில் எண்ணும் மொழி வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

எஞ்சியிருக்கும் சிக்கல் 'அர்ஜென்ட்'. இதன் படிநிலைகள் அர்ஜென்ட், ரொம்ப அர்ஜென்ட், டாப் அர்ஜென்ட் என மூன்றே என்பர் ஒரு சாரார். சாதாரண வேலை எல்லாம் முதல் நிலையில் அடங்கும். நான்காம் நிலை உண்டு என்பது என் துணிபு. தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்ட சரக்கு விமானம் ஏறவேண்டும். தாமதம் கம்பெனியுடையது என்றால் சரக்குக் கட்டணமும் கம்பெனி தலையில்தான். அந்த ஆர்டரின் லாபம் சரக்குக்கு முன்பே பறந்துவிடும். 'ஏர் ஷிப்மென்ட்' என்ற அந்தச் சொல்லை முதலாளிகள் சபையில் முழுதாகச் சொல்வதில்லை. "ஏர்ல போகுதுங்க" என்று தணிந்த குரலில் முடித்துக்கொள்கிறார்கள். இதைக் குழூஉக்குறியில் சேர்க்காமல் இடக்கரடக்கலில் சேர்ப்பதே முறை.