தேடலில் சிக்காத டர்னர்

1990-களின் தொடக்கத்தில் அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு டர்னர் வேண்டுமென்றால், பெர்சனல் டிபார்ட்மென்டில் இருந்த நாங்கள் முதலில் ஃபோர்மேனிடம்தான் சொல்வோம். சில நாளில் தெரிந்த பையன் யாரையாவது கூட்டி வருவார். வந்தவனை லேத் முன்னால் நிறுத்தி ஒரு ஜாப் கொடுத்தால் போதும். மைக்ரோமீட்டரை அவன் பிடிக்கும் விதமே பாதி சொல்லிவிடும்.

25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். தெரிவிப்போம், பட்டியலும் வரும். அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இன்ஜினீயர்களுக்கு 'தி இந்து'வின் புதன்கிழமை 'ஆப்பர்சூனிட்டீஸ்' பக்கத்தில் பெட்டி எண் விளம்பரம். குவியும் கடிதங்களை இரண்டு பேர் உட்கார்ந்து ஒன்று விடாமல் படிப்போம்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்து தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஃபோர்மேனின் ஆள் என்றால் பெரும்பாலும் அவர் ஊர்க்காரர், உறவுக்காரர், சாதிக்காரர். அறந்தாங்கியில் ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் ஒருவரையும் தெரியாத பையனுக்கு எங்கள் கேட் திறந்ததே இல்லை. 1997-இல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் வந்தது. பிறகு அதன் ரெஸ்யூம் தொகுப்பான ரெஸ்டெக்ஸில் சந்தா கட்டித் தேடத் தொடங்கினோம். அனுபவம், சம்பளம், ஊர், நோட்டீஸ் பீரியட் என்று நிபந்தனைகளைக் கொடுத்தால், சிபாரிசே இல்லாதவர்களின் பெயர்களும் திரையில் வந்தன. அது பெரிய நியாயம்.

ஆனால் தேடுபொறி, எழுதியிருப்பதை மட்டுமே பார்க்கும். 'ஃபானுக்' என்று சி.என்.சி. கன்ட்ரோலின் பெயரைப் போட்டுத் தேடினால், பல வருடமாக அந்த கன்ட்ரோலில் வேலை செய்துவிட்டு 'மெஷின் ஆபரேட்டர்' என்று மட்டும் எழுதியவர் வரமாட்டார். அண்மையில் ரெஸ்யூமைப் புதுப்பித்தவர்களை மட்டும் காட்டு என்று வடிகட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இருக்கும் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதற்காக ரெஸ்யூமைத் தொடப்போகிறார்? நல்ல டூல் ரூம் ஆட்கள் பலர் இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறார்கள். "மார்க்கெட்டில் ஆளே இல்லை சார்" என்று இளம் எச்.ஆர். பிள்ளைகள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. திரையில் இல்லை என்பதற்காக ஊரிலேயே இல்லை என்று ஆகிவிடுமா?

வேலை தேடும் தம்பி, தங்கைகளே, எந்த மெஷின், எந்த கன்ட்ரோல், எந்த அளவுக் கருவி என்று பெயர் பெயராக எழுதுங்கள். ஆள் தேடுகிறவர்களே, ரெஸ்யூம் தொகுப்பில் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மாதம் ஒரு முறையாவது பக்கத்து ஐ.டி.ஐ.க்குப் போய் இன்ஸ்ட்ரக்டரைப் பாருங்கள். ஷாப் ஃப்ளோரில் எல்லோரையும் கேளுங்கள், ஃபோர்மேனை மட்டும் அல்ல. நேர்முகத்துக்கு வந்து தேர்வாகாமல் போனவருக்கும் ஒரு வரி பதில் அனுப்புங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர்.