கவிமணியின் வயலும் எங்கள் பங்கும்

தேரூர்க் குளம் சுசீந்திரம் குளத்தோடு சேர்ந்து 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டது. 1876-இல் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் தேரூர். அவருடைய பசுவும் கன்றும் பாட்டைப் பள்ளியில் பாடிவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் தொழுவிலும் பசுவும் கன்றும் நிற்கும்.

கன்னிப்பூ சாகுபடியை அறுத்துக் கும்பப்பூ சாகுபடிக்கு உழவு தொடங்கும்போது, பாட்டா மண்வெட்டியோடு மடைக்குப் போவார். சேறும் புல்லும் வைத்து அடைத்து, "நல்லா சவுட்டுலே மக்கா, தண்ணி கசியப்பிடாது" என்பார். தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பும். கூடவே அயிரை மீன் ஏறிவரும். கொக்குகள் வரப்பில் காத்து நிற்கும். கவிஞர்கள் இதைத்தான் இயற்கை என்று பாடினார்கள். அந்தத் தண்ணீரோ 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் தேங்கி, மனிதர் வெட்டிய சானலில் வந்தது. புறநானூற்றில் நாஞ்சில் பொருநனைப் பாடிய ஒருசிறைப் பெரியனாரும், நீர்ப்பள்ளத்தில் இட்ட வித்து வறட்சியிலும் சாகாத நாடு என்றுதான் பெருமை சொன்னார். எங்கள் நாஞ்சில் நாட்டில் நாகரிகமும் இயற்கையும் ஒரே மடையில் பாய்ந்தவை.

குழந்தைப் பாட்டில் வயல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழாது. அதே கவிமணி எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தில் கேள்வியே அதுதான். சொத்தெல்லாம் சகோதரி மகனான மருமகனுக்குப் போக, பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நின்ற கொடுமையை அதில் அவர் கிழித்துப் போட்டார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பிள்ளைகளுக்கும் பங்கு கிடைத்தது. பாட்டாவின் அம்மைக்குச் சோறு போட்டது அந்தச் சட்டம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனால் கிடைத்த பங்கு தலைமுறைக்குத் தலைமுறை துண்டாயிற்று. மேல்துண்டை விற்று, வாங்கியவர் மண்ணடித்ததும் மடை மூடிப்போனது. கீழ்த்துண்டுகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. தரிசாகக் கிடந்து அவையும் பிளாட் ஆயின. அங்கே எழும்பிய வீட்டில் என் பேத்தி அந்தப் பசுப் பாட்டைச் செல்போனில் பார்த்துப் படிக்கிறாள். நன்றாகவே பாடுகிறாள்.

குளத்தைப் பட்டியல் காக்கட்டும். குளத்துப் பறவை வயலிலும்தானே இரை தேடுகிறது? வயலுக்கு எந்தப் பட்டியல்? இன்றைக்கு எழுத வருகிறவர்களிடம் பசுவைப் பாடிய கவிமணியை நான் கேட்கவில்லை. மான்மியம் எழுதியவரைக் கேட்கிறேன். பத்திர ஆபீசுக்குள் நுழைந்து, கொக்குக்கும் அயிரைக்கும் உள்ள பங்கு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று சண்டை போடுகிற ஒரு பாட்டு வேண்டும்.