வெட்டுறதுக்கு முன்னாடி மாமன்கிட்ட ஒரு வார்த்தை

வா மாப்ளே, வா. ஒங்க அய்யாவோட புல்லட்டை வெளியே எடுத்துட்டியாமே. இத்தனை வருசமா கோழி அடைகாத்த வண்டி, இன்னிக்கு நாலு பேரு பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கிற அளவுக்கு ஒசந்து போச்சு. நல்ல சேதிதான். ஒரு பக்கம் ஒன் பட்டணத்துச் சிநேகிதன் பின் மட்கார்டை வெட்டு, சீட்டைக் குட்டையாக்கு, ஹேண்டில்பாரைத் தாழ்த்து, கஃபே ரேசர் ஆக்கிருவோம்ங்கிறான். இன்னொரு பக்கம் ஒன் மச்சினன், கம்பெனியிலேர்ந்து எறங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே நிறுத்தணும்ங்கிறான். ரெண்டு பேரும் அவங்க காசைப் பத்திப் பேச்சே எடுக்கலை, கவனிச்சியா?

நீ "பிரிட்டிஷ் வண்டி மாமா"ங்கிறப்ப ஒன் நெஞ்சு ஒரு சாண் முன்னாடி வருது. வரட்டும், காசா பணமா. ஆனா பொண்ணு பாக்கப் போனா பூர்வீகம் விசாரிக்கிறோம்ல, இதையும் விசாரிச்சிருவோம். இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊரு. தைக்கிற ஊசிக்குப் பேர் போன ஊரு. அங்கே ஊசி செஞ்ச கம்பெனி ஒண்ணுதான் சைக்கிளுக்கு வந்து, சைக்கிள்லேர்ந்து 1901ல மோட்டார் சைக்கிளுக்கு வந்துச்சு. ராயல் என்ஃபீல்ட். புல்லட்டுங்கிற பேரு 1932லயே வச்சாச்சு. சுதந்தரத்துக்கு அப்பறம் நம்ம ராணுவத்துக்கு எல்லையில ஓட்ட வண்டி தேவைப்பட, மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமா 350 சி.சி. புல்லட்டைக் கப்பல்ல எறக்குனாங்க. 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை கட்டுனாங்க. மொதல்ல பெட்டியில வந்த சாமானை இங்கே கோத்தாங்க. போகப் போக எல்லாத்தையும் இங்கேயே வார்த்து, கடைஞ்சு செஞ்சாங்க.

அப்பறம் நடந்ததுதான் கூத்து. ரெட்டிச் தொழிற்சாலையை 1967ல மூடிட்டாங்க. 1970ல இங்கிலாந்துல தயாரிப்பே நின்னு போச்சு. திருவொற்றியூர்க்காரன் மட்டும் அந்தப் பழைய 1955 வரைபடத்தை வச்சுக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி செஞ்சுக்கிட்டே இருந்தான். 1977லேர்ந்து இங்கிலாந்துக்கே ஏத்துமதி வேற! பேத்தி பாட்டியைப் பெத்த கதை. ஒங்க அய்யா வண்டி 1968 மாடல். அது தண்ணி குடிச்சது தேம்ஸ் ஆத்துல இல்லை மாப்ளே. ஒன் நெஞ்சை அரைச் சாண் உள்ளே இழுத்துக்க.

இதை ஏன் சொல்றேன்னா, பூர்வீகத்துல காசு கணக்கு இருக்கு. ஒன் கையில கெடைச்சது உலகச் சண்டைக் காலத்துல வந்த பி.எஸ்.ஏ.வோ நார்ட்டனோவா இருந்தா, அதுல ஒரு திருகாணிகூடத் தொடாதேன்னு கையைப் புடிச்சிருப்பேன். அதுக்குச் சாமான் கடல் தாண்டி வரணும். புல்லட்டு அப்படி இல்லை. அந்தக் காஸ்ட் அயர்ன் எஞ்சின் பல பத்து வருசம் வந்துச்சு. டெல்லி கரோல்பாக்ல பிஸ்டன் கெடைக்கும், சென்னை புதுப்பேட்டையில கிராங்கே கெடைக்கும். அதனால "அபூர்வமான வண்டி, தொட்டா பாவம்"னு ஒன் மச்சினன் கண்ணைக் கசக்குனா, கைக்குட்டை குடுத்து அனுப்பு.

ஆனா அவன் சொல்ற ரெஸ்டோரேஷன்ல ஒரு வேடிக்கை இருக்கு. பழையபடி ஆக்குறேன்னு ஆரம்பிப்பான். டேங்க் புதுசு, மட்கார்டு புதுசு, ரிம்மு புதுசு, போன மாசம் லூதியானாவுல செஞ்ச "ஒரிஜினல்" சைலன்சர், எல்லாத்துக்கும் கண்ணாடி மாதிரி குரோமியம். கடைசியில 1968ல மிஞ்சி நிக்கிறது ஆர்.சி. புத்தகம் மட்டும்தான். கம்பெனியிலேர்ந்து வந்த அன்னிக்கே அந்த வண்டி இந்தப் பளபளப்பு பளபளக்கலைப்பா, நான் கண்ணால பாத்தவன். டேங்குல ஓடுற அந்தத் தங்கக் கோடு இருக்கு பாரு, அதைத் திருவொற்றியூர்ல ஒரு மனுசன் தூரிகையைப் புடிச்சு, மூச்சை அடக்கிக் கையால இழுத்தது. எடது பக்கத்துக் கோடும் வலது பக்கத்துக் கோடும் மயிரிழை வித்தியாசத்துல இருக்கும். அதை எமரி போட்டுத் தேய்ச்சுட்டு ஸ்டிக்கர் ஒட்டுவியாக்கும்? சித்தன்னவாசல் விதானத்துல தாமரைக்குளம் மங்கிப் போச்சுன்னு பெயிண்டு டப்பாவோட ஏணியில ஏறுனா தொல்லியல் துறைக்காரன் என்ன பண்ணுவானோ, அதை நான் ஒனக்குப் பண்ணுவேன். துருப் பரவுறதை மட்டும் நிறுத்து. மங்குனதை மங்குனபடி விடு.

இப்ப ஒன் சிநேகிதன் கட்சிக்கு வருவோம். கஃபே ரேசர்னா என்னன்னு விசாரிச்சேன். 1950, 60கள்ல லண்டன் ஓரத்துல ஏஸ் கஃபேன்னு ஒரு கடை. இளவட்டப் பசங்க அங்கே டீயைக் குடிச்சுட்டு, அடுத்த கடை வரைக்கும் யாரு முந்திப் போறதுன்னு பறப்பாங்களாம். நல்ல ரோடு, நல்ல போதாத காலம். நீ ஆலங்குடி முக்கத்துலேர்ந்து கெளம்புனா அடுத்த டீக்கடைக்குள்ள ஏழு வேகத்தடை, ரெண்டு ஆட்டுக்கிடை. ஹேண்டில்பாரைத் தாழ்த்திக் குப்புறப் படுத்துக்கிட்டுப் போனா, பாக்குறவன் வயித்துவலின்னு நெனைச்சு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லுவான்.

அதோட இந்த எஞ்சின் அதுக்குப் பொறந்ததும் இல்லை. ஒத்தைப் பிஸ்டன். விட்டம் 70 மில்லிமீட்டர், ஏறி எறங்குற தூரம் 90 மில்லிமீட்டர். 346 சி.சி.யில ஏறக்குறைய 18 குதிரைத் திறன், அவ்வளவுதான். நீளமா ஏறி எறங்குறதாலதான் மெதுவா, கனமா அடிக்குது. அதான் நீ மயங்குற அந்தச் சத்தம். இழுவைக்குச் சூரன், ஓட்டத்துக்குச் சோம்பேறி. ஒங்க அய்யா பின்னாடி ஒங்க அப்பத்தாவை உக்காரவச்சு, முன்னாடி டேங்குல ரெண்டு உர மூட்டையைச் சாய்ச்சு, கீரனூர் மேட்டுல மூணாவது கியர்லயே ஏறுவாக. அப்பத்தா உக்காந்த அந்தப் பின் மட்கார்டைத்தான் நீ ரம்பத்தால அறுக்கப் போறே. மழை பெஞ்சா சகதி முதுகுல நேராக் கோடு போடும். நாளைக்கு ஒன் பொண்டாட்டி சேலை சக்கரத்துல சிக்கிச்சுன்னா என்ன பண்ணுவே? பின்னால உக்காருறவுகளுக்குக் கைப்பிடி, கால் வைக்க எடம், சக்கரத்துல துணி சிக்காம மறைப்பு, இதெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 123லயே இருக்கு. பிரம்மச்சாரியா இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டியா? ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லிட்டியா?

மாத்துறதே தப்புன்னு நான் சொல்லலை. நம்ம சனம் மாத்தாத வண்டியா? பெட்ரோல் வெலை ஏறுனப்ப வடக்கே சம்சாரிங்க புல்லட்டு எஞ்சினைக் கழட்டிப்புட்டு டீசல் எஞ்சினை மாட்டுனாங்க. கம்பெனிக்காரனே அதைப் பாத்து டாரஸ்னு டீசல் புல்லட்டு வித்தான். சௌராஷ்டிரத்துல புல்லட்டோட முன்பாதியை வச்சுக்கிட்டுப் பின்னாடி ரெண்டு சக்கரத்துப் பெட்டியைக் கோத்து, சக்டான்னு ஒரு ஷேர் ஆட்டோவே செஞ்சுட்டாங்க. பத்துப் பன்னெண்டு பேரு ஏறிப் போவாங்க. அவனுங்க வயித்துக்காக வெட்டுனாங்க. நீ போட்டோவுக்காக வெட்டுறே. அதுதான் எனக்கு நெஞ்சை அடைக்குது.

சட்டத்துக்கும் அடைக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில இருக்குற வெவரத்துக்கு மாறா, கம்பெனி செஞ்ச அமைப்பை மாத்தக் கூடாதுங்குது. 2019ல திருத்தம் வந்ததுலேர்ந்து, விதியில எடமில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் உள்ளேயோ, ரெண்டுமோ. ஒன் சிநேகிதன் போட்ட பட்டியல்ல எட்டு மாத்தம் இருக்கு. பெருக்கிக்க.

சரி, மச்சினன் வழியில போனா சட்டம் தலையைத் தடவுமான்னு கேப்பே. 2021 ஜூலையில விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டாந்தாங்க. மொதப் பதிவு முடிஞ்சு 50 வருசம் தாண்டியிருக்கணும், சேஸ், எஞ்சின், பாடின்னு பெருசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. புதுசாப் பதிவுன்னா 20,000 ரூபாய், பத்து வருசத்துக்கு. நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படிப் பதிஞ்ச வண்டியை அன்னாடம் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, ஆராய்ச்சி, ரிப்பேரு, பெட்ரோல் போடுறது, இதுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஆக, வெட்டுனா ஓட்ட விடமாட்டான், முழுசாப் பாதுகாத்து அந்தப் பட்டத்தை வாங்குனாலும் ஓட்ட விடமாட்டான். அதனால சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிச்சு வச்சுக்கிட்டு, கமுக்கமா ஓட்டுறவன்தான் புத்திசாலி.

அந்த ஆர்.சி. யாரு பேர்ல இருக்கு? ஒங்க அய்யா பேர்ல. அவுக போய்ச் சேந்தாச்சு. அப்ப இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 31ஆம் நம்பர் படிவம், அதோட மத்த வாரிசுங்களோட சம்மதம். ஒனக்கு நாலு அத்தை. இத்தனை வருசமா அந்த வண்டியை ஏறிட்டுப் பாக்காதவுக, கையெழுத்துன்னதும் அப்பா ஞாபகம் வந்து அழுவாக. அழுது முடிச்சதும் வெலை கேப்பாக. பெயிண்டு கலரு என்னன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்த நாலு வீட்டுக்கும் ஒரு சீப்பு வாழப்பழத்தோட போயிட்டு வா. போட்டோவுக்கு லைக்கு போட்டவன் எவனாச்சும் வெலையைச் சொல்லிட்டான்னா, பழத்தோட போகாது.

இதெல்லாம் முடிஞ்சாத்தான் கையில ஸ்பேனர். அதுலயும் ஒன் சிநேகிதன் மில்லிமீட்டர் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வருவான், வாசல்லயே நிறுத்து. இந்த வண்டியில இருக்குற நட்டு பாதிக்கு மேல இங்கிலீசு அளவு. விட்வொர்த் ஸ்பேனர் வேணும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒக்காந்த மாதிரி காட்டும், ஒரு திருகு திருகுனா நட்டோட மூலையெல்லாம் மழுங்கிரும். அப்பறம் உளியும் சுத்தியும்தான். பழைய மெக்கானிக் எவனாவது பட்டறை மூலையில டப்பாவுல அந்தச் செட்டைப் போட்டு வச்சிருப்பான். காசு குடுக்காதே, ரெண்டு நாளு கூட ஒக்காந்து பழைய கதை கேளு, அவனே தருவான்.

மொதல்ல எஞ்சினைப் பிரிக்காதே. கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவு, டேங்குல இருக்குற துரு மண்ணைக் கொட்டு, பழைய எண்ணெயை வடிச்சுப் புதுசு ஊத்து, பாயிண்டைத் தேய்ச்சு இடைவெளி வையி, டேப்பட் பாரு. பிளக்கைக் கழட்டிட்டு நாலு சொட்டு எண்ணெய் விட்டு மெல்லச் சுத்திப் பாரு. சுத்துதா? அப்ப பிளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பு. கிக்கரை மெதுவா மிதி, கெட்டியா நிக்கிற எடத்துல டீகம்ப்ரஸரைப் புடிச்சுக்கிட்டு, ஹெட்லைட் மேல இருக்குற ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் நகத்து. விட்டுட்டுக் கிக்கரை மேல கொண்டாந்து, அப்பறம் முழு மனசோட ஒரே மிதி. அரை மனசா மிதிச்சா திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். ஒங்க அய்யா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரே மிதியில எடுப்பாக. கியரு வலது காலு, பிரேக்கு எடது காலு, மறந்துறாதே. போன தடவை பிரேக்குன்னு நெனைச்சுக் கியரை மிதிச்சு நீ வைக்கோல் போருக்குள்ள போனதை ஊரு இன்னும் மறக்கலை.

ஓடுச்சுன்னா ஒரு வருசம் அப்படியே ஓட்டு. திருமயம் வரைக்கும் போ, கோட்டையைச் சுத்திட்டு வா. எது தேஞ்சிருக்கு, எது ஒனக்கு ஒத்துவரலைன்னு வண்டியே சொல்லும். சீட்டு உறுத்துதா, வேற சீட்டு மாட்டு. வெளிச்சம் பத்தலையா, 6 வோல்ட்டை 12 ஆக்கு. ஹேண்டில்பார் ஆசையா, மாட்டிப் பாரு, முதுகு ஒடைஞ்சதும் நீயே கழட்டுவே. நட்டைக் கழட்டி மாட்டுறது எதுவானாலும், ஆர்.டி.ஓ.வுக்கு ஆகாததை விட்டுட்டு, ஒன் இஷ்டம். கழட்டுனதைச் சாக்குல போட்டு, பேரெழுதிப் பரண்ல ஏத்து. ரம்பம், வெல்டிங், கிரைண்டர் மூணும் சேஸ் பக்கம் வரக் கூடாது. அறுத்த சேஸை எந்தப் புதுப்பேட்டையும் திருப்பித் தராது.

இவ்வளவும் கேட்டு, இது நமக்குச் சரிப்படாதுன்னு தோணுச்சுன்னா ஒண்ணும் வெக்கப்படாதே மாப்ளே. சிநேகிதன்கிட்டயும் சொல்லாதே, மச்சினன்கிட்டயும் சொல்லாதே. நேரா மாமன் வீட்டுக்கு உருட்டிக்கிட்டு வா. ரொக்கமாத் தாரேன். ஒங்க அத்தைமாருக்கு மட்டும் வெலை தெரிய வேண்டாம்.