மழித்த கன்னமும் மிச்ச சென்ட்டும்: ஓர் ஆய்வு

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த சென்ட் பாட்டில்கள் தமிழ்நாட்டு பீரோக்களில் எப்படித் தீர்ந்துபோகின்றன என்பதை இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. அவை தீர்வதே இல்லை என்பது இக்கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பு. உறிஞ்சு குழல் எட்டாத மூலையில் ஏறக்குறைய 5 மில்லி நின்றுவிடுகிறது. அழுத்தினால் புஸ் என்று காற்று வரும். ஆட்டினால் உள்ளே சளசளக்கும். திருகித் திறக்கலாம் என்றால் மூடியின் உலோகத்தை நெளித்துக் கழுத்தைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். தூக்கியெறியவும் மனம் வராது. அந்த 5 மில்லியை ஆப்டர் ஷேவ் ஆக்கலாம் என்பதும், ஆக்குமுன் எரிச்சலின் தத்துவத்தைத் தெளிந்துகொள்வது அவசியம் என்பதும் இங்கே நிறுவப்படும்.

சவரம் முடிந்த கன்னத்தை என்ன செய்வது என்பதில் மரபுகள் இரண்டு. மூத்தது படிகார மரபு. சலூன்காரர் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, தேய்ந்து நடுவில் குழி விழுந்த படிகாரக் கல்லைத் தாடையில் ஓர் இழுப்பு இழுப்பார். பிளேடு கீறிய இடம் சுரீரென்னும். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த அந்தச் சல்பேட் உப்பு ரத்தப் புரதத்தைத் திரளவைத்துக் கீறலை அடைக்கும், தோலை இறுக்கும். செலவு சொற்பம், வாசனை பூஜ்யம். இளையது ஓல்டு ஸ்பைஸ் மரபு. அமெரிக்காவின் ஷல்டன் கம்பெனி 1938இல் ஆண்களுக்கென்று அதை இறக்கியது. நம்மூர்க் குளியலறைக் கண்ணாடித் தட்டிலும் அதன் பாட்டிலில் வரைந்த கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்ற காலம் உண்டு. இரு மரபினரும் மணத்தில் மாறுபட்டாலும் ஒன்றில் உடன்படுகிறார்கள்: எரிய வேண்டும். எரியாவிட்டால் போட்டதே கணக்கில் சேராது.

இதற்குச் சான்று உண்டா எனில், நோபல் பரிசு அளவுக்கே உண்டு. மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பு வாங்கியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அடையாளம் கண்டார்கள். டிஆர்பிவி1 என்பது அதன் பெயர். சூட்டை உணர்வதும் அதுவே. சாதாரணமாக 42 டிகிரியைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். எத்தனால் பட்டாலோ அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்குச் சரிந்துவிடுகிறது. பிறகு வெளியிலிருந்து நெருப்பு எதற்கு? உடம்பின் சொந்தச் சூட்டையே 'சுடுது, சுடுது' என்று மூளைக்குத் தந்தி அடித்துவிடுகிறது. ஆக, ஆப்டர் ஷேவ் போட்டவரின் 'ஸ்ஸ்'ஸும் மிளகாய் பஜ்ஜி கடித்தவரின் 'ஸ்ஸ்'ஸும் ஒரே கதவைத் தட்டியதன் விளைவு. மெந்தால் இதற்கு எதிர்க்கட்சி. அது குளிரை உணரும் வாங்கியைத் தட்டி எழுப்புகிறது. கன்னம் குளிர்வதில்லை, குளிர்ந்ததாக நம்பவைக்கப்படுகிறது. சூடும் குளிரும் தொடுகையும் உணரப்படும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021இல் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசுக் குழு சலூன் பக்கம் விசாரிக்க வந்ததாகத் தகவல் இல்லை.

இனிச் செய்முறை. பாட்டில் கழுத்தைத் துணியால் சுற்றி, பிளையரால் மூடியின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். அவசரக்காரர் கண்ணாடியையும் சேர்த்து உடைப்பார்.

பெரிய சிக்கல் சாராயத்தில் இருக்கிறது. வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, எத்தனால் கேட்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பூசிக்கொண்டு ஆபீஸ் போனால், பக்கத்து சீட்காரர் "யாருக்கு சார் ஊசி?" என்பார். பெயின்ட் கடைச் சரக்கில் மெத்தனால் இருக்கலாம். அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம், கிட்டவே போகக் கூடாது. டாஸ்மாக் வோட்கா போதுமே என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. அதில் சாராயம் 42.8 சதவீதம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். சென்ட்டை அதில் சொட்டிப் பாருங்கள். விழுந்த இடத்தில் வெள்ளை இழை ஒன்று நெளிந்து இறங்கும். அடுத்த சொட்டுக்கு இன்னொன்று. பாட்டிலைக் குலுக்கினால் மொத்தமும் நீர்மோர் நிறத்துக்கு மாறியிருக்கும். கரைந்திருக்க முடியாமல் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும் கோலம் அது. தவிரவும், "ஷேவிங்குக்காகத்தான் வாங்கினேன்" என்ற வாக்குமூலத்தை எந்த வீட்டிலும் ஏற்றுக்கொண்டதற்கு இலக்கியச் சான்று கிடைக்கவில்லை. சென்ட் தயாரிப்பவர்களுக்கென்றே விற்கும் எத்தனால்தான் தகுதியானது. கலக்கும் நேரத்தில் அடுப்பு எரியக் கூடாது.

அளவு சுலபம். அட்டையில் 'ஈடிடி' என்று போட்ட சென்ட்டில் வாசனை எண்ணெய் சுமார் 10 சதவீதம் இருக்கும். கன்னத்துக்கு 2 சதவீதமே தாராளம். ஆகவே ஐந்து மடங்காக்கலாம்: 5 மில்லி மிச்சத்தோடு எத்தனால் 11 மில்லி, கிளிசரின் 1 மில்லி, மெந்தால் ஓர் அரிசிமணி அளவு. மெந்தால் கூடினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். கடைசியாகப் பன்னீர் 8 மில்லி, சொட்டுச் சொட்டாக. கல்யாண வாசலில் தெளிக்கிற எசென்ஸ் பன்னீர் உதவாது. ரோஜாவை வடித்து எடுத்ததாக இருக்க வேண்டும். கலங்கத் தொடங்கினால் கை நிற்க வேண்டும். மீறிக் கலங்கினால் இன்னும் கொஞ்சம் எத்தனால் விட்டுப் பார்க்கலாம்; அல்லது ஓரிரவு பிரிட்ஜில் வைத்துக் காபி வடிதாளில் வடிக்கலாம். பிரிட்ஜில் வைக்குமுன் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டவும், குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் வைக்கவும். பிறகு இருட்டு அலமாரியில் இரண்டு வாரம்.

அத்தர் பிரியர்கள் சென்ட்டுக்காக மச்சானை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அத்தர் முழுக்க எண்ணெய் என்பதால் இதே 25 மில்லிக்கு அரை மில்லி, அதாவது பத்துப் பன்னிரண்டு சொட்டு போதும். சென்ட் இல்லாத குறையை எத்தனாலால் நிரப்பிக்கொள்ளலாம். கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கும் மண்வாசனை அத்தருக்குத் தனிக் கூட்டமே உண்டு. கட்டுரையாளர் வெட்டிவேர்க் கட்சி. எத்தனாலோடு சண்டை போடாது, மத்தியானச் சாப்பாடு வரை தாங்கும். மல்லி அத்தரை மழித்த கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் துணிச்சல் அவருக்கு இல்லை.

எலுமிச்சை, பெர்கமாட் தோல்களைப் பிழிந்தெடுத்த எண்ணெயைத் தனியாகச் சேர்க்கும் ஆசை வேண்டாம்; அதைப் பூசி வெயிலில் நின்றால் தோல் கன்றிக் கருந்திட்டு விழும். பட்டைத் தைலம் சும்மாவே புண்ணாக்கும். எதைச் செய்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்திருப்பது நல்லது.

தீராத வழக்கு ஒன்று மிஞ்சுகிறது. இன்றைய இளைஞர்களில் பலர் தாடிக்காரர்கள். டிரிம்மரால் ஒதுக்கிவிட்டு, தாடிக்கு மேலே கோடு பிடிக்க மட்டும் பிளேடு வைக்கிறார்கள். மழிக்கப்படுவது இரண்டு விரற்கடைக் கன்னம். அந்தத் துண்டு நிலத்துக்கு மட்டும் ஆப்டர் ஷேவ் போட உரிமை உண்டா? ஓல்டு ஸ்பைஸ் மரபினர் கூடாது என்கிறார்கள். படிகார மரபினர் கல்லின் முனையால் ஒற்றிக்கொள்ளலாம் என்று சமரசம் பேசுகிறார்கள். தாடிக்காரரோ இதையெல்லாம் காதில் வாங்காமல் 25 மில்லியில் பாதியைத் தாடியில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.