கல்யாணப் பணமும் காலேஜ் பணமும்

1980இல் என் அக்கா பத்தாம் வகுப்பு தேறினாள். அரசுப் பள்ளி என்பதால் அவளிடம் யாரும் சம்பளம் கேட்கவில்லை. காமராசர் ஆட்சியில் வந்த இலவசக் கல்வி எங்கள் முந்திரிக்காட்டு ஊர்வரை வந்து சேர்ந்திருந்தது. ஆனாலும் அவள் படிப்பு அதோடு நின்றுபோனது.

பிளஸ் டூ வந்து அப்போது இரண்டே வருடம். எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாவதுக்கு மேல் கிடையாது, ஜெயங்கொண்டம் போகவேண்டும். பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, வெளியூருக்கு உடுத்திப் போக நாலு நல்ல தாவணி என்று அப்பா கணக்குப் போட்டார். அவள் கொட்டை பொறுக்கப் போனால் வரும் கூலியையும் அதில் சேர்த்துக்கொண்டார். கணக்கு அக்காவுக்கு எதிராக முடிந்தது. பின்னால் என் முறை வந்தபோது அதே செலவு எல்லோருக்கும் தாங்கக்கூடியதாகிவிட்டது, நான் ஆண்பிள்ளை. அரசு விடுதியில் இடம் கிடைத்தது. ஸ்காலர்ஷிப் வருடக் கடைசியில்தான் வந்தது என்றாலும் வந்தது. படிப்பில் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நினைக்காமல் என்னால் இன்றுவரை என் பட்டத்தைப் பற்றிப் பேச முடிவதில்லை.

அவள் மகள் காலத்தில் அரசு வேறொரு வழியில் வீட்டுக்குள் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கியது. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால்தான் பணம். அந்த ஒரு நிபந்தனை செய்த வேலையை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பாதியில் நிறுத்த நினைத்தவர்கள்கூட "பத்தாவது முடிச்சிரட்டும், பணம் வரும்ல" என்றார்கள். அக்கா மகளும் முடித்தாள். 2006இல் கல்யாணம், உதவிப் பணமும் கிடைத்தது. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் போராடியவர். அவர் பெயரால் வந்த பணம் எங்கள் பெண்களைப் பத்தாவதுவரை கொண்டுவந்து, மணமேடையில் இறக்கிவிட்டது.

2022இல் அதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது; செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கினார்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. தங்கம் போய்விட்டதே என்று ஊரில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. அக்கா வருத்தப்படவில்லை. "கல்யாணத்துக்கு எப்படியாவது பொரட்டிக்கலாம் தம்பி. பொம்பளைப் புள்ள படிப்புக்குன்னு கேட்டா எவன் கடன் குடுப்பான்?" என்றாள்.

அவள் பேத்தி 2025இல் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 1,000 ரூபாயில் பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, போன் ரீசார்ஜ் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அன்று அப்பா கூட்டியதும் இப்படிப்பட்ட சின்னச் செலவுகளைத்தான். மாதம் 1,000 ரூபாய் சின்னத் தொகை என்று சொல்பவர்கள், அதைவிடச் சின்னத் தொகைக்காக வீட்டோடு நின்றுபோன பெண்களைப் பார்த்ததில்லை. 2021–22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியா முழுவதற்கும் 28.4. இது தானாக வந்துவிடவில்லை. சத்துணவு, விடுதி, பஸ் பாஸ், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை என்று ஒவ்வொன்றாக, ஆட்சி மாறியும் விடாமல் கொடுத்ததால் வந்தது.

என் கவலை வகுப்பறைக்கு உள்ளே இருக்கிறது. நான் படித்தபோது எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் நிரந்தரப் பேராசிரியர்கள். பெண்கள் உட்காரும் பெஞ்சு பாதி காலியாகக் கிடக்கும். இன்று பெஞ்சு நிறைந்திருக்கிறது, பாடம் நடத்துகிறவருக்கு வேலை உறுதியில்லை. பேத்திக்கு முக்கியப் பாடம் எடுப்பவர் முனைவர் பட்டம் வாங்கிய கௌரவ விரிவுரையாளர். பேத்தி சேர்ந்தபோது அவருக்குச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதம்தான். "தாத்தா, எங்க மிஸ் வேற வேலை கெடச்சா போயிருவாங்களாம்" என்கிறாள் பேத்தி. அந்த ஆசிரியையும் அரசுப் பள்ளியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வந்தவர். இத்தனை பாடுபட்டு மேலே ஏற்றிவிட்ட பெண்ணுக்கு அரசு கடைசியில் கொடுக்கும் வேலை இதுவா?

அரசுக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024இல் அறிவிப்பு வந்தது. அந்த வருடம் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. பேத்தி 2028இல் பட்டம் வாங்குவாள். அதற்குள் அந்த இடங்கள் நிரம்பியிருக்க வேண்டும். பல வருடமாகக் கௌரவ விரிவுரையாளராகவே உழைப்பவர்களின் அனுபவத்துக்கு அதில் உரிய மதிப்பும் கிடைக்கவேண்டும். புதுமைப் பெண்ணுக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு இதுவும் முடியும்.