மடக்குக்கத்தி இயல்: உரையும் உரைகாரனின் தாயாரும்

இவ்வியல் என்ன சொல்ல எழுந்ததோ எனின், 400 டாலருக்குக் குறையாத ஒரு மடக்குக்கத்தியை ஒருவன் எப்படித் தேர்ந்தெடுக்கிறான் என்பதைச் சொல்ல எழுந்தது. எதற்காகத் தேர்ந்தெடுக்கிறான் என்பது இதன் எல்லைக்குள் வராது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் இதுவரை ஒருவர்தான். அவர் உரைகாரனின் தாயார். அவரைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பெயர். தமிழில் இதைப் பேனாக்கத்தி என்கிறோம். இறகுப் பேனாவின் முனை சீவுவதற்கென்று உண்டான சிறு கத்தி. பேனா என்பது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், அவர்களிடம் அதற்கு இறகு என்றே பொருள். இறகு போய் மைப்பேனா வந்தது, பால்பாயிண்ட் வந்தது, இப்போது கட்டைவிரலால் எழுதுகிறோம். கத்தி மட்டும் பழைய உத்தியோகத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கிறது, ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டு வாசல் பலகை மாதிரி. வேலை போனபின்னும் பெயர் நிற்பது இப்பொருளின் இயல்பு எனக் கொள்க. இது பின்னால் உதவும்.

உரைகாரன் வசிக்கும் அமெரிக்காவில் இத்துறைக்கு ஈடிசி என்று பெயர். நாள்தோறும் உடன்கொண்டு திரிவது என்று விரியும். கத்தி, கைவிளக்கு, பேனா, கைக்கடிகாரம், பர்ஸ் ஆகிய ஐந்தும் ஈடிசி அடியார்களின் பஞ்சாயுதம். மாலையில் பையைக் காலிசெய்து, இந்த ஐந்தையும் ஒரு மரப்பலகைமேல் கோணம் பிசகாமல் அடுக்கிப் படமெடுப்பது நித்திய பூஜை. நாம் ஆண்டுக்கு ஒன்பது நாள் கொலு வைக்கிறோம், இவர்கள் தினமும் வைக்கிறார்கள். சுண்டல்தான் கிடையாது.

கொலுவின் மேற்படியில் இருப்பது செபென்சா என்ற மடக்குக்கத்தி. இதைச் செய்தவர் கிறிஸ் ரீவ் என்ற தென்னாப்பிரிக்கர். 1989-இல் ஐடஹோ மாநிலத்து பாய்சி நகருக்குக் குடியேறியவர். பிடி இரண்டு டைட்டானியத் தகடு. அதில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். நகாசு வேலை ஒன்றும் கிடையாது. முதன்முதல் பார்ப்பவருக்கு மிகுந்த அக்கறையோடு செய்த கதவுக்கீல் போலத் தெரியும். தெரிந்தவர் அதை மூடிப் பிடித்து, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அலகு இரண்டு தகடுகளுக்கும் நட்டநடுவே கர்ப்பகிரகத்து மூலவர்போல நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் கத்தி தோஷமுள்ளது. பெட்டியோடு ஓர் அறுகோணச் சாவியும் சிறிது கிரீசும் வரும், உடையவனே பிரித்து மாட்டிக்கொள்ளலாம். உரைகாரன் பதினொரு முறை பிரித்து மாட்டியிருக்கிறான். ஒரு முறைகூடத் தேவையிருந்ததில்லை.

செபென்சா என்பது ஜூலு மொழிச் சொல். பொருள்: வேலை. இதற்கு இப்போது உரை வேண்டாம்.

இனி எஃகு. அலகின் எஃகு என்னவென்று கேட்காமல் கத்தி வாங்குவது ஜாதகம் பாராமல் சம்பந்தம் பேசுவதற்கு ஒப்பு. கட்டமெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. 2001-இல் குரூசிபிள் என்ற அமெரிக்க எஃகு ஆலை, கத்திக்கென்றே எஸ்30வி என்ற எஃகை வடித்தது. ரீவும் உடனிருந்து யோசனை சொன்னார். கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4, மாலிப்டினம் 2 சதவீதம். இதைச் செய்யும் முறை சமையலறைக்குத் தெரிந்ததுதான். ரவையை ஒரேயடியாகக் கொட்டினால் உப்புமா கட்டி தட்டும், தூவிக் கிளறினால் தட்டாது. உருக்கிய எஃகைப் பாளமாக வார்த்தால் அது மெல்ல ஆறுகையில் உள்ளே கார்பைடு என்னும் கடினத் துணுக்குகள் பெரிதுபெரிதாகத் திரளும். அதையே வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கினால் துணுக்குகள் பொடிசாக, எங்கும் சமமாகப் பரவி நிற்கும். கத்தியின் வாய் எளிதில் உதிராது.

எஸ்30வி நெடுநாள் ஆண்டது. 2021-இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் மேக்னாகட் என்ற எஃகைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை டமாஸ்கஸ் எஃகு அடிக்கும் கலைஞர், ஆக இது வித்துவான் வீட்டு வாரிசு. குரோமியத்தை 11 சதவீதத்துக்குக் கீழே இறக்கியும் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டார். பெரிய குரோமியக் கார்பைடுகளே உண்டாகாதபடி கலவையை அமைத்ததில் உறுதியும் கூடிற்று. பழைய எஃகு வைத்திருந்தவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கத்தி மழுங்கிவிட்டதா என்றால், இல்லை. வெட்டிப் பார்த்தார்களா என்றால், அதுவும் இல்லை.

கடினத்தை அளக்க ராக்வெல் முறை உண்டு. வைரக்கூம்பை 150 கிலோ பாரத்தால் எஃகில் அழுத்தி, எவ்வளவு இறங்கிற்று என்று பார்த்து எண் தருவார்கள். நல்ல கத்திக்கு 58-இலிருந்து 64 வரை. 59-க்கும் 61-க்கும் உள்ள வேறுபாட்டை அட்டைப்பெட்டி உணர்ந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. வாங்குபவர் உணர்கிறார்.

எஃகில் வேறுபட்டவர்கள் சேர்ந்து காபி குடிக்கலாம். பூட்டில் வேறுபட்டவர்களால் முடியாது. விரித்த அலகு விரல்மேல் மடங்காமல் தடுப்பது பூட்டு. அதில் இரண்டு கலை உண்டு. செபென்சாவில் பிடியின் ஒரு பக்கத் தகட்டையே பிளந்து, வில்போல் உள்ளே வளைத்து, அலகின் அடியில் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ முட்டும் அவ்வளவு இறுகும். பற்றுபவன் முயற்சி இதில் கலந்திருப்பதால் இது மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆரிகன் மாநிலத்து பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த ஆக்சிஸ் பூட்டிலோ, சிறு எஃகுத்தண்டு ஒன்றை இரண்டு கம்பி வில்கள் தள்ளிக்கொண்டே இருக்கும். நீ பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது பார்த்துக்கொள்ளும். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொள்ளும் மார்ஜால நியாயம் இதுவே. ஆக முன்னது வடகலை, பின்னது தென்கலை. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் என்ற பழைய வழக்கு ஐடஹோவிலும் ஆரிகனிலும் மறுவிசாரணைக்கு வரும்.

அற்றேல் பூட்டில்லாத கத்தி வாங்கலாமே என்பார்க்கு: பிரிட்டனில் பையில் வைத்துத் திரிய அதைத்தான் வாங்க வேண்டும். அங்கே தகுந்த காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாகும் மடக்குக்கத்திக்கு வாய் 3 அங்குலத்துக்கு மேற்படக்கூடாது, பூட்டும் இருக்கக்கூடாது. ஜெர்மனியில் ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்குக் காரணம் காட்ட வேண்டும். விரலைக் காக்கும் உறுப்பே குற்றத்தின் உறுப்பு. உரைகாரன் வசிக்கும் டெக்சாஸிலோ ஐந்தரை அங்குலம் தாண்டினால்தான் சில இடங்களில் தடை. அவன் கத்தியின் அலகு மூன்றரை அங்குலத்துக்குச் சற்றே மேல். சட்டம் மீதம் விட்டிருக்கும் ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்கு என்ன செய்வது என்ற விசாரம் இன்னும் தீரவில்லை.

கூர்மையைச் சோதிக்க முன்கை முடியை மழிப்பார்கள். வலக்கைக்காரருக்கு இடது முன்கையில் ஐந்து ரூபாய்க் காசளவு வழுக்கை இருந்தால் அவர் நம்மவர். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டால் போதும், வேறு அடையாள அட்டை தேவையில்லை.

இந்த இடத்தில் தாயார் வருகிறார். ஆறு மாதத்துக்கென்று கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகையில் கொலுவிருந்த செபென்சாவைக் கையில் எடுத்து எடைபார்த்தார்.

“தம்பி, இது என்னடா, இவ்ளோ கனமா இருக்கு?”

“கத்திம்மா.”

“அது தெரியுது. எதுக்கு?”

“தினமும் கூடவே வச்சுக்கறதுக்கு.”

“வச்சுக்கிட்டு எதை வெட்டுவ?”

அவன் பதில் சொல்லவில்லை. விலை கேட்டார். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் சொன்னான். ஆய்வு நெறியில் இது பிழை, குடும்ப நெறியில் வழக்கு. குறைத்த விலைக்கே எத்தனை கிராம் தங்கம் வந்திருக்கும் என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது.

அன்று மாலை அவன் நடந்துவிட்டு வந்தபோது சமையலறை மேடையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் வியட்நாமியர் கடையில் வாங்கிய பாதிப் பலாப்பழம். பழத்தில் மூன்றரை அங்குலமும் இறங்கி நின்றது செபென்சா. அம்மா முறைப்படிதான் செய்திருந்தார். கைக்கும் அலகுக்கும் நல்லெண்ணெய் தடவியிருந்ததால் அலகில் பிசின் ஒட்டவில்லை. எண்ணெய் வழிந்து கீலுக்குள் போயிருந்தது. அலகு அதுவரை இல்லாத மென்மையோடு, தாழம்பூ மடல்போல விரிந்தது. கம்பெனி கிரீசால் வராத நயம் அது. மூன்று வாரத்தில் பிசுக்கேறி நின்றுவிட்டது என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் முறை பிரித்தான். இம்முறை தேவையிருந்தது.

“நல்ல இரும்புதான். ஆனா அலகு தடியா இருக்கு. பழத்தை வெட்டல, பொளக்குது” என்றார் அம்மா.

இந்த ஒரு வாக்கியத்தில் உரைகாரன் இதுவரை எழுதிய எஃகு அதிகாரம் விழுந்தது. வெட்டுவது முதலில் வடிவம். எஃகின் வேலை அந்த வடிவத்தை நாள்பட நிறுத்திவைப்பது. செபென்சாவின் அலகு முதுகில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம். கனத்த அலகு ஆழமாக இறங்கும்போது ஆப்புபோல் இருபுறமும் தள்ளும். கேரட்டை வெட்டினால் கடைசியில் டப்பென்று பிளக்கும் ஓசை வரும். அதை உறுதியின் ஓசை என்று அவன் நினைத்திருந்தான்.

உண்மையில் அவன் வீட்டில் மெல்லிய அலகும் ஒன்று இருந்தது. பிரான்சில் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரப்பிடி, கார்பன் எஃகு அலகு. 1955-இல் சேர்த்த திருகு வளையம்தான் அதன் பூட்டு. எட்டாம் எண் கத்தி ஏறத்தாழ 20 டாலர். அதை அவன் வாங்கியதன் காரணம் இத்துறையின் பரம ரகசியம்: அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாப் பசை செபென்சாவின் அலகில் படக்கூடாது. ஆகவே அன்றாடக் கத்தியை அன்றாட வேலையிலிருந்து காப்பாற்ற ஒரு துணைக்கத்தி.

அம்மா கேட்டதற்குப் பதில் தேட வேண்டி முப்பது நாள் குறிப்பெடுத்தான். அட்டைப்பெட்டி பதினான்கு, கடித உறை மூன்று, புதுச்சட்டையின் விலைச்சீட்டு நூல் ஒன்று: எல்லாம் ஓப்பினெல். தேவையின்றி வெட்டிய ஆப்பிள் ஒன்று: செபென்சா. உடையவன் அனுமதியின்றிப் பலா ஒன்று: செபென்சா. திறந்து மூடியது எத்தனை முறை என்பதை முதல் நாள் மதியத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டான். மாதிரி ஒன்றே ஒன்று என்பதால் இம்முடிவைப் பிற வீடுகளுக்கு விரித்துரைக்க இயலாது.

அம்மாவுக்கு மரப்பிடிக் கத்தி பழகிவிட்டது. வாழைக்காய் வெட்டி அலகு கறுத்தது. அவர் கவலைப்படவில்லை, ஊர் அரிவாள்மணையும் அந்த நிறம்தான். ஒருநாள் தொட்டியில் ஊறியதால் மரம் உப்பி, அலகு பிடிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அவன் கருவிப்பெட்டி எடுக்கப் போனான். திரும்புவதற்குள் அவர் பிடியின் பின்முனையை மேடைமேல் ஒரு தட்டுத் தட்டினார், அலகின் முதுகு வெளியே எட்டிப்பார்த்தது. இது சவாய்க்காரர்களின் தட்டு என்று பெயர்பெற்ற பழைய உத்தி. கும்பகோணத்துக்கு எந்த வழியாக வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஊர் திரும்பப் பெட்டி கட்டும் அன்று கேட்டார்.

“அந்த மரப்பிடிக் கத்திய எனக்குக் குடுத்துடேன். வாழைப்பூ ஆய நல்லாருக்கும்.”

“அது வெறும் இருபது டாலர்மா. வேணும்னா புதுசா நல்லதா ஒண்ணு...”

“அதான் வேணாங்கறேன்.”

கைப்பையில் கத்தி ஏறாது என்பதால், விமானத்தில் போடும் பெரிய பெட்டியில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டினான்.

அம்மாவை ஏற்றிவிட்டு அவன் திரும்பியபோது வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நாலு புறமும் ஒட்டுநாடா. உள்ளே மேக்னாகட் அலகுள்ள புதுக்கத்தி. சட்டைப்பையில் செபென்சா, முந்தின இரவுதான் தீட்டியது. சற்று நேரம் யோசித்துவிட்டுக் கார்ச்சாவியால் கிழித்தான். குறிப்பேட்டில் ‘பயன்பட்ட அலகு’ என்ற கட்டத்துக்கு நேராக, டொயோட்டா என்று எழுதினான்.